ஜன்னல் ஆச்சா?

என் தங்கை புருஷனை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தது நான்தான். வண்டியால் இடித்தேன், வாய்த்தகராறில் கைவைத்தேன் என்றால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு கெத்து இருக்கும். நான் அவனைச் சாய்த்தது ஸ்பாஞ்சால். வண்டி சீட்டுக்குள் வைத்துத் தைப்போமே, அந்த ஸ்பாஞ்ச். உட்கார்ந்தால் பூனைக்குட்டி மாதிரி அடங்கிப் போகும். கொளுத்தினால்தான் அதன் சுயரூபம் தெரியும்.

நான் சீட் கவர் தைப்பவன். இந்த ஊர் வண்டிகளில் போகிறவர்களில் பாதிப் பேருடைய முதுகும், முதுகு முடிகிற இடமும் என் தையல்மேல்தான் இருக்கின்றன. அதைத் தவிரப் பீற்றிக்கொள்ள என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

எங்கள் கடைகள் ஒரே வரிசை. கீழே பட்டறை, மேலே வீடு. என் கடைக்கு மேலே தங்கையும் அவள் புருஷனும். எனக்கு இடது பக்கம் தச்சர். அவருக்கு மேலே அவருடைய பலகைகள்தான் குடியிருக்கின்றன. அதற்கடுத்து டயர்க்கடை, மேலே டயர்க்கடைக்காரரின் குடும்பம். அவர்தான் எங்கள் வரிசைக்குத் தலைவர். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. குரல் பெரிது, அவ்வளவுதான். கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தில் ஒரு இரும்பு டிரம்.

முன்பெல்லாம் குப்பை வண்டி எங்கள் கழிவையும் சேர்த்தே அள்ளிப் போகும். ஒரு நாள் டிரைவர் தலையை மட்டும் வெளியே நீட்டி, "வீட்டுக் குப்பை மட்டும்தான். பட்டறைக் குப்பை எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு" என்றார். எங்கே போடுவது என்று கேட்பதற்குள் வண்டி முனை திரும்பிவிட்டது. அப்புறம் ஒரு தகரப் பலகையைக் கொண்டுவந்து சந்துச் சுவரில் அறைந்தார்கள். "திறந்த வெளியில் குப்பை எரிக்கக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதற்குக் கீழே பொடி எழுத்தில் என்னென்னவோ விதிகள். பொடி எழுத்தை யாரும் படிக்கவில்லை. ஒரு மழையில் ஆணி கழன்று பலகை விழுந்தது. டிரம்முக்கு நல்ல மூடி கிடைத்தது என்று எடுத்துப் போட்டுக்கொண்டோம். ஆக, எரிக்கக் கூடாது என்ற பலகையைத் திறந்துவிட்டுத்தான் நாங்கள் எரிப்போம்.

கண்டபடி எரிப்பதில்லை. எங்களுக்கும் ஒழுங்கு உண்டு. வாரத்தில் கடை அடைக்கிற நாளில் ஒரு கடைக்காரர் முறை. மூன்று கடைக் கழிவையும் அவரே எரிக்க வேண்டும். கிளறுவதற்கு நுனி வளைந்த ஒரு நீளக் கம்பி இருக்கிறது. கம்பி யாரிடமோ, முறை அவருடையது. எரித்து முடித்ததும் அடுத்த கடை வாசலில் கம்பியைச் சாய்த்து வைத்துவிட வேண்டும். கம்பி இல்லாதவர் தீக்குச்சி உரசக் கூடாது. பலகையில் எழுதியதை மதிக்காத நாங்கள், எங்கும் எழுதாத இதை ஒரு நாளும் மீறியதில்லை.

இன்னொன்றும் உண்டு. உரசுவதற்கு முன் அண்ணாந்து "ஜன்னல்!" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். மேலே இருப்பவர்கள் சந்துப் பக்க ஜன்னலை அடைத்துவிட்டு "ஆச்சு!" என்பார்கள். இரண்டு வீடு, இரண்டு "ஆச்சு". அதற்கப்புறம்தான் தீ.

அன்றைக்கு என் முறை. கூப்பிட்டேன். டயர்க்கடைக்காரரின் மனைவி "ஆச்சுண்ணே!" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ஆச்சு" வந்தது. உரசினேன்.

தார் காய்ச்சுவது போல் புகை. காற்று சந்துக்கு அப்பால் இருக்கிற கால்வாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். காற்று என்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. புகை சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக மேலே ஏறியது. ஏறட்டும், ஜன்னல்தான் மூடியிருக்கிறதே என்று, கம்பியால் கிளறியபடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து திரும்பிய தங்கை மாடிப்படியிலிருந்து "அண்ணே!" என்று அலறினாள். பாட்டு பாதியில் நின்றது.

ஓடினேன். ஜன்னல் அகலத் திறந்திருந்தது. என் மாப்பிள்ளை கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் கிடந்தான்.

அவனை வரிசையில் எல்லாரும் விசில் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்தவன். கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் அது அலங்காரத்துக்குத்தான். வாயைத் திறந்து "டேய்!" என்றாலே மைதானத்தின் மறுகோடியில் ஓடுகிறவன் நின்றுவிடுவான். நுரையீரல் கெட்டு, மூச்சு மட்டுப்பட்டு, வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறான். சாயங்காலமானால் மெதுவாக இறங்கி வருவான். கடையில் அளவு பார்க்க ஒரு பஸ் சீட் போட்டிருக்கிறேன். அதில் சாய்ந்துகொண்டு என் தையலைக் குறை சொல்வான். "மச்சான், இந்தத் தையலை வெச்சே சொல்லிடலாம், தைச்சவன் குணம் எப்படின்னு." நான் அவன் தொப்பையைச் சொல்வேன். இப்படியே பொழுது போகும். அவனை விட்டால் எனக்கு வேறு சிநேகிதம் கிடையாது.

கொஞ்ச நாளாக அவன் இறங்கி வருவதில்லை. கேரம் ஆடும்போது நான் காயை முழங்கையால் நகர்த்தியதைக் கண்டுபிடித்துவிட்டான், அந்த ரோஷம் என்று நினைத்தேன். "உன் வீட்டுக்காரருக்குக் கோபம் தீர்ந்ததும் வரச் சொல்லு" என்று தங்கையிடம் சொல்லி அனுப்பினேன். அவளும் சிரித்துக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரியில் அவன் முகத்தில் மாஸ்க்கை மாட்டி, பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டரை நிறுத்தினார்கள். "பிழைச்சுடுவாரா டாக்டர்?" என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். மறுநாள் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லைப் படிக்கவா இத்தனை வருஷம் காலேஜ் போனார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். கொளுத்தியவன் டாக்டரைத் திட்டலாமா?

வராந்தாவில் தங்கை என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "ஜன்னல்னு கூப்பிட்டியா அண்ணே?"

"கூப்பிட்டேன்மா. சத்தியமா."

"ஆச்சுன்னு அவரா சொன்னாரு?"

"ஆச்சுன்னு குரல் வந்துச்சு."

"அவர் குரலா?"

அப்போதுதான் யோசித்தேன். மெலிந்த, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். என் மாப்பிள்ளை குரல் எனக்குத் தெரியாதா? சொன்னால் சந்தே அதிர்ந்திருக்க வேண்டாமா? "இல்லம்மா" என்றேன். "அது அவன் குரல் இல்ல."

"அப்ப யார் குரல்?"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செருப்புக் கடையில் பில் போடுகிறவள். நாளெல்லாம் முகம் சுளிக்காமல் பேசிப் பழகியவள். அதே மாதிரிதான் சொன்னாள். "அண்ணே, இங்கேருந்து விட்டதும் அவரை அங்க கூட்டிட்டு வர மாட்டேன். வாரா வாரம் புகை. எங்க நாத்தனார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். அவங்க ஊர்ல காத்தாவது நல்லா இருக்கும்."

அந்த ஊருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். "நான் புகையை நிறுத்தறேன்" என்றேன்.

"நீ நிறுத்துவே. மத்தவங்க?"

வரிசைக்குத் திரும்பினால் தலைவர் கூட்டம் கூட்டியிருந்தார். கூட்டம் என்றால் அவரும் தச்சரும் இரண்டு ஸ்டூலும். "தீயணைப்பு ஸ்டேஷன்லேருந்து விசாரணைக்கு வர்றாங்களாம். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். ஷார்ட் சர்க்யூட்."

"டிரம்முக்குள்ள என்ன தலைவரே கரண்ட்டு?"

"நீ பேசாத. உன்னால வந்த வினை. நான் பேசிக்கறேன்."

அவர் பேசியதைக் கேட்க உலகமே திரண்டு வந்திருக்கலாம். வந்தது ஒரு அதிகாரியம்மா மட்டும். காக்கிச் சட்டை, முட்டி வரை பூட்ஸ், சிரிப்பை ஸ்டேஷனிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்த முகம். தலைவர் கையைக் கட்டிக்கொண்டு, "மேடம், இங்க யாரும் குப்பை எரிக்கறதே இல்ல. பழைய வயரிங், அதான் பிரச்சினை" என்றார்.

அந்தம்மா நேரே போய் டிரம் மூடியைத் தூக்கினார். உள்ளே பாதி உருகிய ஸ்பாஞ்ச், கருகிய பிளைவுட் துண்டு, ட்யூப் ரப்பர். மூன்று கடையும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன. "வயரிங் இங்கதான் போகுதா?" என்று கேட்டார்.

"நான்தான் கொளுத்தினேன்" என்றேன். தலைவர் என் காலை மிதித்தார். மிதித்த கால் டயர்க்கடைக்காரருடையது, வலித்தது.

அந்தம்மா மூடியைத் திருப்பி என் கையில் கொடுத்தார். "துடைச்சுட்டுப் படிங்க."

சட்டை நுனியால் கரியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். ரப்பர், பிளாஸ்டிக், ஸ்பாஞ்ச் எக்காரணத்தைக் கொண்டும் எரிக்கக் கூடாது. காய்ந்த சருகு என்றாலும் தீயணைப்பு நிலையத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். கட்டடத்தை விட்டுத் தள்ளி எரிக்க வேண்டும். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அருகில் குடியிருப்பவர்களுக்கு நேரில் சென்று தெரிவிக்க வேண்டும்.

"நாங்க சொல்லிட்டுத்தான் மேடம் கொளுத்துவோம்" என்றேன். "ஜன்னல்னு கூப்பிடுவோம். அவங்க ஆச்சும்பாங்க."

"கூப்பிடறது வேற. நேர்ல போய்ப் பார்க்கறது வேற. எந்த வீட்டுல யாருக்கு என்ன சீக்குன்னு சந்துல நின்னா தெரியுமா?"

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் சொன்னது சரி, அதுதான் கோபம். "சரி மேடம். எரிக்கல. அப்ப எங்க போடறது? அதையும் இந்தப் பலகையில எழுதியிருக்கலாமே. இத்தனை 'கூடாது' எழுத இடம் இருந்துச்சு, ஒரே ஒரு 'இங்க போடலாம்' எழுத இடம் இல்லையா?"

அவர் முதல்முறையாகக் கண்ணை வேறு பக்கம் திருப்பினார். "நியாயமான கேள்விதான். ஆனா அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல." எச்சரிக்கை சொல்லி, மறுபடி எரிந்தால் மூன்று கடைக்கும் பூட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் தலைவர், "ரெண்டு வாரம் அடக்கி வாசிப்போம். அப்புறம் பார்த்துக்கலாம். கம்பியை என் வாசல்ல வெச்சுடு" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. கம்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. கம்பி என்னிடம் இருக்கும்வரை வேறு யாரும் எரிக்க முடியாது. வரிசைக்கு வரிசையே போட்ட சட்டம் அது, பலகைச் சட்டம் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக என் கையில் ஒரு அதிகாரம் வந்தது. அதன் நுனி வளைந்திருந்தது, அவ்வளவுதான்.

கம்பியை எடுத்துக்கொண்டு மறுநாள் நேரே நகராட்சி அலுவலகம் போனேன். வாசல் காவலாளி மறித்தார். "கம்பியை வெளியில வெச்சுட்டு வாங்க."

"வெச்சா யாராவது எடுத்துக் கொளுத்திடுவாங்க."

"யாரை?" என்று அவர் இரண்டடி பின்வாங்கினார். விஷயத்தை விளக்கிச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கிறுக்கனை உள்ளே விட்டுவிடுவதுதான் உத்தமம் என்று முடிவு செய்துவிட்டார்.

சுகாதார ஆய்வாளர் மேஜையில் மின்விசிறிக்குப் பறக்காமல் இருக்க எல்லாக் காகிதத்தின் மேலும் ஒவ்வொரு கல் இருந்தது. கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

"எரிக்கக் கூடாது, சரி. எங்க சார் போடறது?"

"பொது இடத்துல கொட்டக் கூடாது."

"கொட்டல. எங்க போடறது?"

"வீட்டுக் குப்பையோட கலக்கக் கூடாது."

"சார், எங்க போடக் கூடாதுன்னு நான் கேக்கவே இல்ல."

"கோபப்படாதீங்க. உங்க உணர்வு எனக்குப் புரியுது."

"உணர்வை நான் வீட்டுலயே வெச்சுக்கறேன் சார். ஸ்பாஞ்சை எங்க போடறது?"

அவர் தண்ணீர் குடித்தார். ஒரு கல்லைத் தூக்கி இன்னொரு காகிதத்தின் மேல் வைத்தார். "அது வேற பிரிவு பார்க்கணும். அந்த சார் லீவு."

"எப்ப வருவாரு?"

"வந்தா தெரியும்."

எழுந்து கம்பியைக் கையில் எடுத்தேன். கம்பி இருந்தது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவன் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு கிடக்கிறான். ஒரு வாயிலிருந்தும் ஒரு நேரான பதில் வரவில்லை. டாக்டருக்கு "பார்க்கலாம்". அதிகாரியம்மாவுக்கு வேற டிபார்ட்மென்ட். ஆய்வாளருக்கு லீவு.

அடுத்த கடையடைப்பு நாளுக்குள் வரிசை நாறிவிட்டது. சந்து நிறைந்து கழிவு கடைக்குள் வரத் தொடங்கியது. என் ஸ்பாஞ்ச் துண்டுகளைச் சாக்கில் திணித்து, தையல் மெஷினுக்குப் பின்னால், காலடியில், பஸ் சீட்டின் மேல் என்று எங்கும் அடுக்கினேன். என் மாப்பிள்ளை உட்கார்கிற இடத்தில் இப்போது சாக்கு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஏறியது.

சந்தில் நின்றுகொண்டிருந்த என்னிடம் தலைவர் தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "கம்பியைக் குடு."

"தர மாட்டேன்."

"உன் மாப்பிள்ளைக்கு இழுப்புன்னா, வரிசையே நாறணுமா?"

"நாறட்டும் தலைவரே. நாத்தத்துக்கு யாரும் மாஸ்க் மாட்டிக்கிட்டுப் படுக்கல."

"கொளுத்தினவன் பேசற பேச்சைப் பாரு. நாங்களா கொளுத்தினோம்?"

"நாமதான். அன்னிக்கு என் முறை. அதுக்கு முந்தி இவரு முறை. அதுக்கு முந்தி நீங்க."

தச்சர் சமாதானமாகத்தான் வாயைத் திறந்தார், பாவம். "எதுக்குச் சண்டை? கம்பி இல்லேன்னா என்ன, ஒரு கட்டையால கிளறினா ஆச்சு."

அந்த "ஆச்சு" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனதென்றே தெரியவில்லை. அன்றைக்கு நான் "ஜன்னல்" என்று கூப்பிட்டபோது தச்சர் சந்தில்தான் இருந்தார், பலகை அடுக்கின் மேல் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டு. அவருக்குக் குரலும் சன்னம். எல்லாம் ஒட்டிக்கொண்டது. சட்டையைப் பிடித்தேன்.

"நீதான்யா! அன்னிக்கும் இப்படித்தான் சொன்னே! சீக்கிரம் முடியட்டும், கிளம்பிப் போகலாம்னு நீதான் ஆச்சுன்னு குரல் குடுத்தே!"

"டேய், விடுடா! நான் ஏன்டா சொல்றேன்?"

"அப்ப யார் சொன்னது? பலகையா சொல்லுச்சு?"

தள்ளினேன். அவர் பலகை அடுக்கின் மேல் போய் விழ, மொத்த அடுக்கும் சரிந்தது. தலைவர் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். டயர் தூக்கிப் பழகிய கை, நான் காற்றில் தொங்கினேன். தொங்கிக்கொண்டே கத்தினேன். ஒரு மனிதன் அப்படித் தொங்கிக்கொண்டு எவ்வளவு நியாயம் பேசினாலும் எடுபடாது.

தச்சர் எழுந்து முழங்கையைத் தடவிக்கொண்டார். அவருக்குக் கோபம் வராதது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது. "நான் சொல்லல. அன்னிக்கு நாம ரெண்டு பேருமே சந்துலதான் இருந்தோம். அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டவன் நீ. மூடியிருக்கான்னு பார்த்தியா?"

"குரல் வந்துச்சு…"

"குரல் வந்துச்சுன்னா போதுமா?"

அவர் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினார். நான் கூடப் போய் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

தங்கை போன் செய்தாள். அவனுக்கு மாற்று வேட்டி வேண்டும், மேலே போய் எடுத்து வா என்றாள். அந்த மாடிப்படியில் நான் கடைசியாக நிதானமாக எப்போது ஏறினேன் என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். அவனைத் தூக்க ஓடிய அன்று கண்ணில் எதுவும் படவில்லை. இப்போதுதான் பார்த்தேன். கட்டில் ஜன்னலோரத்திலிருந்து கதவோரத்துக்கு மாறியிருந்தது. தலையணைகள் ஒன்றின் மேல் ஒன்றாக, உட்கார்ந்தபடியே தூங்குகிறவனுடைய அடுக்கு. கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர், வாளி, மருந்து. விசில் ஆணியில் தொங்கியது. அதன் மேல் தூசு.

கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தரையில் ஒரு கயிறு கிடந்தது. வெள்ளைக் கயிறு, என் கடையில் சீட் ஓரத்துக்கு வைத்துத் தைக்கிற கயிறு. கட்டில் காலிலிருந்து ஜன்னல் வரைக்கும் நீளம். துண்டு காயப்போடக் கட்டியிருப்பான் போல என்று சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவன் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கிக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்திருந்தது. தங்கை கட்டில் மறுபக்கம் ஸ்டூலில். என்னைப் பார்த்ததும் அவன் கண்ணில் பழைய நையாண்டி எட்டிப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க வாய்க்கு வந்ததை உளறினேன்.

"மாப்ளே, கம்பி என்கிட்டதான் இருக்கு. எவனுக்கும் தர மாட்டேன். சந்துல இனிமே புகை கிடையாது. மூட்டை மூட்டையா சாக்கு, உன் சீட்டுல ஒரு சாக்கு உட்கார்ந்திருக்கு. அது என் தையலைக் குறை சொல்லாது, அதான் ஒரு நிம்மதி. ஆனா போரடிக்குது. நீ வந்துடு. இவளுக்கு நீ சொல்லு."

அவன் சிரிக்க முயன்று இருமினான். இருமல் அடங்கும்வரை நாங்கள் மூன்று பேரும் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தச்சரை அடிச்சேன் மாப்ளே. அவருதான் ஆச்சுன்னு சொல்லி ஏமாத்திட்டாருன்னு நினைச்சு. அவரு இல்லேன்னு அடுக்கிக்கிட்டே சொல்றாரு. தலைவர் பொண்டாட்டி அவங்க வீட்டுக்குத்தான் சொன்னாங்க. அப்ப யாரு? இத்தனை நாளா ஒவ்வொருத்தனையா கேக்கறேன், ஒருத்தனும் நேரா பதில் சொல்ல மாட்டேங்கறான்." பையிலிருந்து வேட்டியை எடுத்தபோது கயிறும் கூடவே வந்தது. "இது எதுக்கு? துண்டு காயப்போடவா?"

அவன் கயிற்றை வாங்கிக்கொண்டான். விரலில் சுற்றினான், பிரித்தான். தங்கையைப் பார்த்தான். அப்புறம் மாஸ்க்கை முழுசாக இறக்கினான்.

"நான்தான் மச்சான் சொன்னேன்."

அந்தக் குரல். மெலிந்த, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல்.

"எழுந்து போய் மூட முடியல. அதான் கயிறு கட்டினேன், படுத்துக்கிட்டே இழுத்து மூட. தலைவர் முறைக்கு மூடுச்சு. தச்சர் முறைக்கு மூடுச்சு. உன் முறைக்கு இழுத்தேன், முடிச்சு அவுந்து கையோட வந்துடுச்சு." மூச்சு வாங்கினான். நான் மாஸ்க்கைத் தூக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டான். "மூடலன்னு சொன்னா நீ ஏறி வருவே. பார்ப்பே. எழுந்திருக்கக்கூட முடியலைங்கறதை இவகிட்ட மறைச்சிருந்தேன், நீ சொல்லிடுவே. இவ என்னை எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடுவா. எனக்கு உன் கடையை விட்டுப் போக இஷ்டமில்ல. அதான் ஆச்சுன்னேன்."

மறுபடி மூச்சு வாங்கினான்.

"ஆனா மச்சான், எத்தனை வாரமா என் குரல் இப்படித்தான் இருக்கு. வரிசையில ஒருத்தருக்கும் தெரியல. ஒருத்தரும் ஒரு தடவைகூட ஏறி வந்து பார்க்கல. நீயும் பார்க்கல."